தளவாய் லைன்

முப்புடாதிக்குப் பம்பாய் மாட்டுங்காவில் ஒரு தெரு மனப்பாடம். ஆனால் அந்தத் தெருவை அவள் கண்ணால் பார்த்ததில்லை.

கேட்டால் சிரிப்பு வரும். தாராவியிலிருந்து அது என்ன கடல் தாண்டியா இருக்கிறது? தொண்ணூறடி ரோட்டைப் பிடித்து, லேபர் கேம்ப் தாண்டி, ரயில் பாலம் ஏறி இறங்கினால் மாட்டுங்கா. பூ வாங்கவும் கோயிலுக்கும் அவள் அங்கே போனதுண்டு. ஆனால் இந்தத் தெரு கடைவீதியிலும் இல்லை, கோயில் பக்கத்திலும் இல்லை. பழைய கட்டடங்களும் பெரிய மரங்களும் மட்டும் இருக்கிற தெரு. வேலை இல்லாத ஒரு பொம்பளை அங்கே போய் யாரைப் பார்க்க வந்தேன் என்று சொல்லி நிற்பாள்?

அவள் புருஷன் தளவாய்க்கு அங்கே வேலை இருந்தது. தினமும் போனார். இட்லி விற்க.

தாராவியில் அவர்கள் சந்தில் வீட்டுக்கு வீடு இட்லிதான். ஒவ்வொரு வீட்டு ஆணுக்கும் ஊருக்குள் ஒரு லைன் உண்டு. இன்ன தெருவிலிருந்து இன்ன தெருவரைக்கும் அவர்தான் விற்பார், வேறொருத்தர் அங்கே போய் ஹாரன் அடிக்க மாட்டார், அதுதான் லைன். தலையில் அலுமினியப் பானை, ஒரு கையில் சட்னி வாளி, மறு கையில் ரப்பர் ஹாரன். பாம் பாம் என்று கேட்டதும் சன்னல்கள் திறக்கும், ‘அண்ணா!’ என்று மேலேயிருந்து குரல் வரும். லைனுக்குப் பெயர், நடக்கிற ஆளின் பெயர். மாட்டுங்காவில் அந்த மரத்தெருவும் அதை ஒட்டிய சந்துகளும் தளவாய் லைன்.

நடந்தது தளவாய், இட்லி முப்புடாதி. அரிசி ஊறப்போட்டு, ஆட்டி, பொங்கவைத்து, விடியுமுன் எழுந்து அவித்து, துணியில் ஒட்டாமல் எடுத்து, பானையில் அடுக்கி மூடுகிற வரைக்கும் அவள். அதற்குப் பிறகுதான் தளவாய் எழுந்து குளித்து, தலைசீவி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி வருவார். இருபது வருஷமும் இப்படியே போயிற்று. லைனில் அவள் பெயரின் ஓரெழுத்துகூட இல்லை. சத்தியமாகச் சொன்னால், அவள் பெயருக்காக ஏங்கவும் இல்லை. பார்க்கத்தான் ஏங்கினாள்.

தளவாய் திரும்பி வந்து சோறு தின்னும்போது கதை சொல்வார். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சட்னியை மட்டும் நக்கிவிட்டு இட்லியை நாய்க்குப் போட்டதாம். தரைத்தளத்து ஷ்யாமளா மாமி சட்னியில் இன்றைக்குக் காரம் தூக்கல் என்றாளாம். ஒரு மரத்தின் வேர் நடைபாதையைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டதாம், தினமும் அதில் ஒருத்தர் தடுக்குகிறாராம். முப்புடாதி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். ‘அப்புறம்?’ என்பாள். ‘அப்புறம் என்ன, வித்துட்டு வந்தேன்’ என்று அவர் படுத்துவிடுவார். தான் அவித்த இட்லியை முகம் தெரியாத ஒருத்தர் பிட்டு வாயில் வைப்பதை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஆனாலும் நெஞ்சை அடைக்கிற ஆசை.

போன மழைக்காலத்தில் தளவாய் ரயில் பாலத்துப் படியில் வழுக்கிப் பானையோடு விழுந்தார். முதுகு போயிற்று. உட்காரலாம், மெல்ல நடக்கலாம், ஆனால் இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

இப்படி ஆனால் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊரிலிருந்து வந்த ஏதாவது ஒரு வாலிபனுக்கு லைனைக் குத்தகைக்கு விடுவார்கள். அவன் நடப்பான், வீட்டம்மா அவித்துக் கொடுப்பாள், லைன்காரர் கட்டிலில் இருப்பார். எல்லோருக்கும் நல்லதுதானே.

“நான் போறேன்,” என்றாள் முப்புடாதி.

“எங்கட்டி?”

“லைனுக்கு.”

தளவாய் சிரித்தார். சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. “கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? பொம்பள தலையில பானைய வச்சிக்கிட்டு பாம் பாம்னு போனா ஊரு என்ன சொல்லும்?”

“ஊரு இட்லி திங்கும்,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்து அறையில் கூடினார்கள். இட்லி விற்பவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட சங்கம் அது. தலைவர் சொரிமுத்து அண்ணாச்சி, நியாயமான மனுஷர், அதைத் தானே அடிக்கடி சொல்லவும் செய்வார். சுவரில் பெரிய எழுத்தில் ‘சங்கத்தில் எல்லாரும் சமம்’ என்று எழுதியிருந்தது. அந்த அறைக்குள் பொம்பளைகள் வருவது பெருக்குவதற்கு மட்டும். முப்புடாதி வந்து நின்றதும் ஆண்கள் கால்களை மடக்கி இடம் விட்டார்கள், மரியாதையா கூச்சமா தெரியவில்லை.

அண்ணாச்சி யோசித்துவிட்டுச் சொன்னார். “சட்டத்துல பொம்பளைக்குக் கெடையாதுன்னு எங்கயும் இல்ல. நடக்குற ஆளுக்கு லைன். அம்புட்டுதான். ஆனா ஒண்ணு தாயி, எல்லாருக்கும் என்ன சட்டமோ அதுதான் ஒனக்கும். ஏழு மணிக்குள்ள லைன்ல ஹாரன் கேக்கணும். தொடர்ந்து மூணு நாள் கேக்கலன்னா லைன் கைமாறிடும். பொம்பளைன்னு சலுகை கேக்கக் கூடாது.”

“சலுகை வேண்டாம் அண்ணாச்சி,” என்றாள். உள்ளுக்குள் அவளுக்குப் பூரித்தது. ஆண்களுக்கு உள்ள அதே சட்டம் தனக்கும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தர் சொல்லிக் கேட்கிறாள். வீட்டுக்கு வருகிற வழியில் கால் தரையில் பாவவில்லை.

முதல் நாள். பாலம் இறங்கித் திரும்பியதும் தெரு அப்படியே இருந்தது. அதே மரம், பெயர்ந்து கிடக்கிற அதே நடைபாதை. தடுக்கியும் விட்டது. தடுக்கியதில் அவளுக்குச் சந்தோஷம்! பானையை இறக்கி வைத்து ஹாரனை அமுக்கினாள். பாதிச் சத்தம்தான் வந்தது. மறுபடி அமுக்கினாள். மேலே ஒரு சன்னல் திறந்து “அண்ணா!” என்றது. அடுத்த சன்னலும் “அண்ணா!” என்றது. பிறகு எட்டிப் பார்த்த முகங்கள் விழித்தன. “அரே, அண்ணா கிதர் ஹை?” அண்ணா எங்கே என்று ஒரு பையன் இந்தியில் கேட்டான்.

“மை ஹீ அண்ணா,” நான்தான் அண்ணா என்றாள் முப்புடாதி. கட்டடமே சிரித்தது.

ஷ்யாமளா மாமி எவர்சில்வர் டப்பாவோடு கேட் பக்கம் வந்தாள். ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், தனியாக இருப்பவள். வாங்கிக்கொண்டு உள்ளே போவாள் என்று பார்த்தால் போகவில்லை. நின்றபடியே ஒன்றைப் பிட்டு வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். முப்புடாதி அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், வெட்கம் கெட்டுப்போய்.

“அவருக்கு உடம்பு சரியில்லேன்னாலும் கை மணம் மாறலையே. படுத்துண்டே பண்றாரா?” என்று கேட்டாள் மாமி.

“யாரு?”

“உங்காத்துக்காரர்தான். இட்லி அவர்தானே பண்ணுவார்?”

“நாந்தாம்மா அவிக்கேன்.”

“இப்பவா?”

“எப்பவும் நாந்தான்.”

மாமி டப்பாவையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். “இருபது வருஷமா சாப்பிடறேன். அவர் சொல்லவே இல்லையே,” என்றாள்.

அன்றைக்கு வீடு திரும்பி முப்புடாதி கதை சொன்னாள், தளவாய் கேட்டார். ‘அப்புறம்?’ என்று அவர் கேட்கவில்லை.

சந்தோஷத்துக்கு நடுவே தொந்தரவும் இருந்தது. பாரமோ நடையோ பெரிதில்லை, தண்ணீர்க் குடம் சுமந்த தலைக்கு இட்லிப் பானை எம்மாத்திரம். ஒன்றுக்கு ஒதுங்க இடமில்லை, அதுதான் கஷ்டம். ஆண்களுக்கு மரமும் சுவரும் இருந்தன. அவள் முந்தின நாள் மாலையோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். உதடு வெடித்திருப்பதைப் பார்த்து ஷ்யாமளா மாமியே ஒருநாள் விஷயத்தைப் புரிந்துகொண்டு, “உள்ளே வாங்கோ, இதுக்குப் போய் யாராவது தயங்குவாளா,” என்று கதவைத் திறந்துவிட்டாள். அதுவும் சமாளித்தாயிற்று.

சமாளிக்க முடியாதது மாவு.

கணக்கு இதுதான். சந்துக் குழாயில் தண்ணீர் வருவது காலை ஏழு மணிக்கு மேல், கொஞ்ச நேரம்தான். முன்பெல்லாம் தளவாய் லைனில் இருக்கும்போது முப்புடாதி குழாயடியில் இருப்பாள். இப்போது அவள் லைனில் இருக்கிறாள், குழாயடியில் யாருமில்லை. மகள் தூரத்தில் நெருளில் வாக்கப்பட்டுப் போனவள். தளவாய் கட்டிலில் இருந்தார். ஹோஸ் பைப்பை டிரம்முக்குள் விட்டுவிட்டு நிற்க முதுகு வேண்டியதில்லை, ஆனால் அந்தச் சந்தில் எந்த ஆணும் குழாயடியில் நின்றதில்லை. அவள் திரும்பி வந்து, பக்கத்து வீடுகளில் கெஞ்சித் தண்ணீர் சேர்த்து, தேங்காய் வாங்கி, சோறாக்கி, பாத்திரம் தேய்த்து, அரிசி ஊறப்போடுவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். ஆட்டி எடுக்க இன்னும் நேரம். வெயில் காலத்தில் மாவு பொறுத்துக்கொண்டது. மார்கழி பிறந்து பம்பாயிலும் கொஞ்சம் குளிர் இறங்கியதும் பொங்க மறுத்தது. மாவு யாருக்காகவும் அவசரப்படாது. பொங்காத மாவை அவித்தால் இட்லி கல்லு கணக்காக இருக்கும்.

கல்லை எடுத்துக்கொண்டு போய் ஷ்யாமளா மாமியிடம் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அடுப்பின் பக்கத்தில் பாத்திரத்தை வைத்துக் கம்பளி போட்டு மூடிக் காத்திருந்தாள். அப்படிக் காத்திருந்ததில் ஒரு வாரத்தில் தொடர்ந்து மூன்று நாள் ஏழு மணி தாண்டிவிட்டது. போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். ஆபீஸ்காரர்கள் கீழே இறங்கி வடாபாவ் தின்றுகொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் பேச்சு எழுந்தது. சொரிமுத்து அண்ணாச்சிக்கு உண்மையிலேயே வருத்தம்தான். “என்ன தாயி செய்ய? ஒனக்குன்னு தனிச் சட்டம் போட முடியுமா? நீயே சலுகை வேண்டாம்னுட்டியே.”

“இப்பவும் கேக்கல அண்ணாச்சி. ஒரே சட்டம்னு சொன்னீய, சந்தோசம். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இங்கன இருக்க அண்ணன்மாருல யாரு மாவாட்டுதீய?”

யாரோ சிரித்தார்கள்.

“யாரு தண்ணி புடிக்கீய? யாரு அவிக்கீய? ஒவ்வொரு லைனுக்கும் ரெண்டு பேரு இருக்காவ அண்ணாச்சி. நான் ஒத்தையா ரெண்டு பேரு வேலையையும் பாத்துட்டுல்லா ஏழு மணிக்கு ஓடுதேன். நீங்களும் ஒரு வாரம் ஆட்டி, அவிச்சு, எடுத்துட்டுப் போங்க. அதுக்கப்புறம் ஏழு மணிக்கு யாரு ஹாரன் கேக்குன்னு பாப்போம். அதுதான ஒரே சட்டம்?”

சிரிப்பு நின்றது. ஒருத்தர் தொண்டையைக் கனைத்தார்.  முப்புடாதி மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தளவாயைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆமா, அவதான் எல்லாம் செஞ்சா என்று சொன்னால் போதும். வேறு எதுவும் வேண்டாம்.  தளவாய் தரையைப் பார்த்தார்.

அண்ணாச்சி பேசினார். “நீ சொல்லுறது வீட்டு விசயம் தாயி. வீட்டுக்குள்ள யாரு என்ன வேல பாக்காங்கன்னு சங்கம் கேக்க முடியாது. சங்கம் லைனை மட்டுந்தான் பேசும். லைனு நகுலுக்குப் போகட்டும். தளவாயும் அதத்தான் எங்கிட்ட சொன்னான்.”

தளவாயும் அதைத்தான் சொன்னானா. முப்புடாதிக்கு லைன் போனதைவிட அது வலித்தது. நகுல் ஒரு ஓரத்தில் சங்கடத்தோடு நின்றான். ஊரிலிருந்து வந்து நாலைந்து பேரோடு ஓர் அறையில் தங்கியிருக்கிற, கல்யாணமாகாத வாலிபன். கெட்டவன் இல்லை.

மறுநாள் விடியலில் நகுல் காலிப் பானையோடு வாசலில் வந்து நின்றான். “மதினி, பானை.”

முப்புடாதி வெறுமனே உட்கார்ந்திருந்தாள். அடுப்பு எரியவில்லை. கிரைண்டர் கவிழ்த்து வைத்தபடி காய்ந்துகிடந்தது.

“இட்லி எங்க மதினி?”

“லைனு ஒனக்குத்தானப்பா குடுத்தாவ?”

“ஆமா.”

“இட்லியும் குடுத்தாவளா?”

நகுல் விழித்தான். பானையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

“நான் அவிக்கதப் பத்தி சங்கத்துல யாரும் பேசல. அது வீட்டு விசயமாம். சரின்னு வீட்டு விசயத்த வீட்டுலயே முடிவு பண்ணிட்டேன். அவிக்கல.”

பாவம், அவன் சந்து முழுக்கக் கேட்டுப் பார்த்தான். ஒவ்வொரு வீட்டிலும், எங்க அடுப்புல எடம் இல்லப்பா, எங்க லைனுக்கே பத்தல, என்றே பதில் வந்தது. இடம் இருந்ததா இல்லையா என்பது அந்த அடுப்புகளுக்கும் அவற்றின் சொந்தக்காரிகளுக்கும்தான் தெரியும். முந்தின நாள் சங்கத்தில் முப்புடாதி பேசியது அதற்குள் எல்லாக் குழாயடிகளுக்கும் போயிருந்தது. நகுலுக்கு அவிக்கத் தெரியாது. அவன் அறையில் ஒரு ஸ்டவ்வும் ஒரு டீ கெண்டியும் மட்டுமே இருந்தன.

“நீ செய்யுறது ஒனக்கே நல்லாருக்கா?” என்று கத்தினார் தளவாய். “குத்தகைப் பணமும் போச்சு. மூணு நாள் ஹாரன் கேக்கலன்னா அவன் கையிலேருந்தும் போயிரும். அப்புறம் கண்டவனும் வந்து அடிப்பான்.”

“அடிக்கட்டும். எல்லாருக்கும் ஒரே சட்டம்லா.”

வீறாப்பாகத்தான் சொன்னாள். ஆனால் ஏழு மணி ஆகிறபோது அவளால் உட்காரமுடியவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். இந்நேரம் சன்னல்கள் திறந்திருக்கும். ஹாரன் கேட்கவில்லையே என்று பார்த்திருப்பார்கள். முதல் நாள் தெரியாமல் ‘அண்ணா’ என்று கூப்பிட்டவர்கள் பிறகு வேடிக்கைக்காகவே அவளை அப்படிக் கூப்பிட்டு வந்தார்கள், அந்தக் குரல் காதிலேயே இருந்தது. மரத்தடியில் வெயில் எப்படி விழும் என்று இப்போது அவளுக்குத் தெரியும். தெரியாமல் ஏங்கியதெல்லாம் ஏக்கமே இல்லை. தெரிந்த பிறகு ஏங்குவது கொடுமை. ஓடிப்போய் ஒரு ஓரமாக நின்று பார்த்துவிட்டு வரலாமா என்றுகூட இருந்தது. வெறுங்கையோடு போய் யாரைப் பார்க்க வந்தேன் என்று நிற்பது? இரண்டாம் நாளும் அப்படியே போயிற்று. அன்றைக்கு அவள் அழுதாள். மறைத்து அழ அந்த வீட்டில் இடமில்லை, இருப்பதே ஓர் அறை.

தளவாய் பார்த்துக்கொண்டிருந்தார். எரிச்சல்தான் முதலில் வந்தது அவருக்கு. பிறகு அவர் கேட்டார்.

“அங்கன அப்படி என்னதாம்ட்டி இருக்கு? நானும் இருவது வருசம் போயிட்டுத்தான வந்தேன். ஒரு தெரு. நாலு பில்டிங்கு.”

முப்புடாதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “நீங்க தினம் போனிய. உங்களுக்கு அது தெரு. நான் தினம் இங்கன இருந்தேன். உங்களுக்குப் போறதுக்கு நான் இருந்தேன், எனக்குப் போறதுக்கு யாரு இருக்கா?”

 பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. கோபத்தில் கேட்டதுகூட இல்லை அது. நிஜமாகவே தெரியாமல், தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டது போலத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலையும் ஏழு மணி வந்தது, போனது. மாட்டுங்காவில் ஹாரன் அடிக்க ஆளில்லை. சட்டப்படி லைன் காலி. நாளைக்குக் காலையில் அங்கே முதலில் ஹாரன் அடிக்கிறவருக்கு அது சொந்தம், அது யாராக இருந்தாலும்.

முப்புடாதி ரேஷன் கடைக்குப் போய்விட்டு வெயில் ஏறும் நேரத்தில் திரும்பினாள். சந்து முனையிலேயே குழாயடிப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் புரியாமல் வீட்டுக்குள் நுழைந்தாள். டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது. தரையெல்லாம் ஒரே ஈரம். தளவாய் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டையும் வேட்டியும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தன. முன்னால் ஒரு பெரிய பாத்திரம். அதில் அரிசி. பக்கத்தில் உளுந்து டப்பா திறந்து கிடந்தது. ஒரு கையில் உளுந்தை அள்ளி, அரிசிக்கு மேலே நீட்டிப் பிடித்தபடி, போடவா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ.

அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “எம்புட்டு நேரம் ஊறணும்?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

 முப்புடாதி பையைக் கீழே வைத்தாள்.

“நாலு மணி நேரம்,” என்றாள். “உளுந்தத் தனியா ஊறப்போடணும்.”

“தனியாவா?” என்று கேட்டார் தளவாய்.